கண்டதும் கருதியதும்

சென்ற இரு திங்களில் நாம் கண்ட படங்களை விரல்விட்டு எண்ணினால் ஆறு தேறுகின்றன. அவற்றுள் மிகப் பழையது 1953 ஆம் ஆண்டினது. மிகப் புதியது 2025 இல் வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்டவை பல நிறத்தன. முறையாகத் தெரிந்தெடுத்துப் பார்த்தவை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. நம் இல்லத்தில் தொலைக்காட்சியின் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் விருப்பமே அன்றைய படம். ஆகவே காலவரிசையையோ தரவரிசையையோ அன்பர்கள் இங்கே எதிர்பார்க்க வேண்டா. மாதுங்காவின் அரோரா அரங்கில் தமிழ்ப் படத்துக்காக வரிசையில் நின்று, நுழைவுச்சீட்டுக் கிடைக்காமல் வீடு திரும்பிய தலைமுறையினர் நம் சங்கத்தில் இன்னும் உளர். இன்றோ எழுபது ஆண்டுக்கு முந்திய படமும் சென்ற மாதத்துப் படமும் கூடத்திலேயே அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. இதில் ஒரு நன்மை உண்டு: ஒன்றோடொன்று ஒருகாலும் சந்தித்திராத படங்கள் நம் முன்னிலையில் சந்தித்துப் பேசிக்கொள்கின்றன.

முதலில் ‘தோ பீகா ஜமீன்’. பிமல் ராய் இயக்கிய இந்திப் படம். தாகூரின் வங்கக் கவிதை ஒன்றிலிருந்து பெயரைப் பெற்றது. கதை எழுதியவரும் இசையமைத்தவரும் சலில் சௌதுரி. வங்காளத்தில் ஒரு பீகா என்பது ஏறத்தாழ ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. அப்படியானால் இரண்டு பீகா, நம் ஊர்க் கணக்கில் அறுபத்தாறு சென்ட். அந்த அறுபத்தாறு சென்ட் நிலத்துக்காக ஓர் உழவன் படும் பாடுதான் படம் முழுவதும்.

சம்பு என்னும் அவ்வுழவன் ஜமீன்தாருக்குத் தரவேண்டிய கடன், அவன் நினைவில் 65 ரூபாய். ஜமீன்தாரின் ஏட்டிலோ 235 ரூபாய். எழுதப் படிக்கத் தெரியாதவன் சொல்லும் கணக்கு நீதிமன்றத்தில் எடுபடுமா? மூன்று மாதத் தவணை மட்டும் கிடைக்கிறது. அவன் கல்கத்தாவுக்குச் சென்று கைரிக்‌ஷா இழுக்கிறான். தந்தையை விடாமல் பின்தொடர்ந்து வந்த சிறுவன் தெருவோரத்தில் அமர்ந்து செருப்புக்கு மெருகிடுகிறான். சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி இலண்டன் பி.பி.சி.யில் பணியாற்றியவர், ஆங்கிலம் கற்றவர். திரையில் அந்தப் படிப்பின் சுவடு அணுவளவும் தெரியவில்லை. கூடுதல் காசு தருவதாக ஆசை காட்டி, வேகமாக ஓடு, இன்னும் வேகமாக ஓடு என்று பயணி விரட்ட, சக்கரம் கழன்று சம்பு விழும் காட்சியில் நம் இல்லத்து இளைஞர்கள்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

குறை இல்லாத படம் என்று நாம் சொல்லமாட்டோம். நகரத்துக்கு வந்த பிறகு துன்பத்தின்மேல் துன்பமாக இயக்குநர் சற்று மிகுதியாகவே அடுக்கிவிட்டார். கணவனைத் தேடி வரும் மனைவி அதே நகரத்தில், அதே வேளையில் விபத்தில் சிக்குவதை ஏற்க நம் மனம் சிறிது தயங்கியது. ஆயினும் முடிவில், தன் நிலத்தில் ஆலை எழுந்து நிற்பதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் சம்பு ஒரு பிடி மண்ணை அள்ள, காவலாளி அதையும் கீழே போடச் செய்கிறானே, அந்த ஒரு காட்சிக்காக மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். 1954 இல் கான் படவிழாவில் இப்படம் பரிசு பெற்றதில் வியப்பொன்றும் இல்லை.

மறுநாளே லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) பார்க்க நேர்ந்தது தற்செயல்தான். தேனி மாவட்டத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கும் ரங்கசாமிக்கும் ஆசை ஒன்றே: சொந்தமாகக் கொஞ்சம் நிலம். சிறுகச் சிறுகச் சேர்த்த காசெல்லாம் ஏலக்காய் மூட்டையாகி, அம்மூட்டை பள்ளத்தில் உருண்டு போகும்போது அவனுக்கு அழவும் நேரமில்லை. கீழே இறங்கியாக வேண்டும். பெயர்பெற்ற நடிகர் எவரும் இதில் இல்லை. அந்த மலையும் அந்த மனிதர்களுமே போதும் என்று இயக்குநர் துணிந்திருக்கிறார். தயாரித்த விசய் சேதுபதியும் துணிந்திருக்கிறார். கடைசியில் ரங்கசாமியின் நிலத்தில் காற்றாலை சுழல்கிறது. அதற்குச் சீருடை அணிந்த காவலாளி ஒருவன் வேண்டுமன்றோ? ரங்கசாமியே அமர்ந்திருக்கிறான்.

இங்கேதான் நாம் மேலே சொன்ன சந்திப்பு நிகழ்ந்தது. 1953 இல் நிலத்தை இழந்தவன் வேலிக்கு வெளியே நின்றான். காவலாளி அவனை விரட்டினான். அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நிலத்தை இழந்தவனையே காவலாளியாக அமர்த்தி, மாதச் சம்பளமும் தருகிறார்கள். இது முன்னேற்றந்தானா என்று நம்முடன் படம் பார்த்த நண்பர் கேட்டார். அவர் இம்மாநகரில் முப்பது ஆண்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் இரவுக் காவல் செய்தவர். ஊரில் அவர் தந்தைக்கும் புன்செய் இருந்தது. நாம் விடை கூறவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம்.

‘காலா’ (2018) பற்றி நெடிது எழுத வேண்டியதில்லை. நம் அன்பர்களில் அதைப் பார்க்காதவர் இரார். பா. இரஞ்சித் நம் தாராவியையே கதைக்களமாக்கினார். ஆனால் திரையில் நாம் கண்ட தாராவியில் பெரும்பகுதி சென்னையில் எழுப்பிய அரங்கு. அரங்கென்று தெரிந்தும், இது எந்தத் தெரு, அது யார் வீட்டு மாடி என்று நம் சிறுவர்கள் அடையாளம் காட்டிச் சண்டையிட்டார்கள். கலை இயக்குநருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறு வேண்டுமோ? இரண்டாம் முறை பார்க்கையில் சண்டைக்காட்சிகள் நீளமாகப்பட்டன. நானா படேகர் வரும் இடங்கள் மட்டும் நீளமாகப்படவில்லை.

மும்பையைப் பற்றிய உண்மையான படம் வேண்டுவோர்க்கு நாம் சொல்லுவது பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் ஏஸ் லைட்’. 1994 ஆம் ஆண்டின் ‘ஸ்வம்’ என்னும் மலையாளப் படத்துக்குப் பின் முப்பது ஆண்டு கழித்துக் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற இந்தியப் படம் இது. 2024 இல் அங்கே கிராண்ட் பிரீ என்னும் உயர்ந்த விருதையும் பெற்றது. மலையாளத்தில் இதற்கு ‘பிரபையாய் நினைத்ததெல்லாம்’ என்று பொருள்படும் பெயர். நாயகியின் பெயரும் பிரபை என்பதால் அப்பெயரே நமக்கு இனிக்கிறது.

மருத்துவமனையில் செவிலியராகிய பிரபா, அவளுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் இளையவள் அனு, அங்கேயே சமையல் வேலை செய்யும் மராத்தியப் பெண்மணி பார்வதி: இம்மூவர் கதை. பிரபாவின் கணவன் செருமனியில் இருக்கிறான், பேச்சில்லை, கடிதமில்லை. ஒருநாள் அவனிடமிருந்து என்று ஊகிக்கும்படி ஒரு மின்சார ரைஸ் குக்கர் வந்து சேர்கிறது. இரவில் தனித்திருக்கையில் அவள் அதை அணைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருக்கிறாள். கனி குசுருதி அக்காட்சியில் ஒரு சொல்லும் பேசவில்லை. வளைகுடாவுக்குக் கணவரை அனுப்பிவிட்டு, அங்கிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்துப் பழகிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அதே படத்தில் கேரளத்து மருத்துவர் ஒருவருக்கு இந்தி பிடிபடவே இல்லை. நோயாளி சொல்வது அவருக்கும், அவர் சொல்வது நோயாளிக்கும் எட்டாமல் அவர் தடுமாறும்போது, கூடத்தில் பெரியவர்கள் சிரித்தார்கள். வந்த புதிதில் மின்வண்டியில் இறங்குமிடம் கேட்கத் தெரியாமல் விரார் வரை சென்று திரும்பியவர்கள் சிரித்த சிரிப்பு அது.

ஆனால் நம்மைத் தூங்கவிடாமல் செய்தவள் பார்வதிதான். அவள் இருபது ஆண்டுக்கு மேல் குடியிருக்கும் வீட்டைக் கட்டட நிறுவனத்தார் இடிக்கப் பார்க்கிறார்கள். அவளிடம் காகிதம் இல்லை. கணவன் இறந்துவிட்டான், அவன் எதை எங்கே வைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. இரவில் பிரபாவும் அவளும் அந்நிறுவனத்தின் விளம்பரப் பலகைமீது கல்லெறிந்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களால் இயன்றது. பிறகு அவள் மூட்டை கட்டிக்கொண்டு இரத்தினகிரிப் பக்கத்துக் கடலோர ஊருக்குத் திரும்புகிறாள். சம்புவுக்கு எதிராக ஒரு காகிதம் இருந்தது. பார்வதிக்கு ஆதரவாக ஒரு காகிதம் இல்லை. இரண்டும் கொண்டுவிடும் இடம் ஒன்றே.

நம் சங்கத்தாருக்கு இது வெறுங்கதை அன்று. 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னரே குடியிருந்தமைக்குச் சான்று காட்டுவோர்க்கு விலையின்றி மாற்று வீடு என்பது மராட்டிய மாநிலத்துக் குடிசை மாற்றுத் திட்டத்தின் விதி. சான்று என்றால் பழைய வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, மின்கட்டண இரசீது போன்றவை. நம்மவர்க்கு அதிலும் ஒரு தனித் தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துத்தான் உண்டு. இங்குள்ள விண்ணப்பத்தாளில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள். ஒரே மூதாட்டி ஓர் அட்டையில் ‘பே. முத்தம்மாள்’ ஆகவும், மற்றொன்றில் ‘முத்தம்மா பேச்சிமுத்து நாடார்’ ஆகவும், மூன்றாவதில் தேவநாகரியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வழியில் ‘முட்டம்மா’ ஆகவும் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அவருடைய மகன் நோட்டரியிடம் அலைகிறார். படத்தைப் பார்த்து முடித்ததும் நாம் செய்த முதற்செயல், பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கியதுதான். அன்பர்களும் தத்தம் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது நலம். வீட்டுக் காகிதம் எங்கே இருக்கிறது என்பதை ஆண்மக்கள் மட்டும் அறிந்திருப்பது போதாது என்பதையும் இவ்விடத்தில் கூறிவிடுகிறோம்.

கனத்த பேச்சு போதும். ‘அந்த நாள்’ (1954) மறுபடியும் பார்த்தோம். எத்தனையாவது முறை என்பது நினைவில்லை. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனத்தார் எடுத்த இப்படத்தில் பாட்டில்லை, ஆட்டமில்லை. பாட்டில்லாப் படத்தைத் தந்தவர் பின்னாளில் வீணையால் உலகறிந்த இசைவாணர் என்பதுதான் வேடிக்கை! சப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய 1943 ஆம் ஆண்டுச் சூழலில் கதை நடக்கிறது. முதற்காட்சியிலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். அதன்பிறகு அவரை ஒவ்வொருவரும் நினைவுகூரும் வழியில் ஒவ்வொரு மனிதராக அவர் திரையில் தோன்றுகிறார். துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் உரையாடலும் எழுதியவர். கத்தரித்தாற்போல் நறுக்குத் தெறித்த தமிழ். பண்டரிபாயின் கண்கள் அந்தத் தமிழுக்குக்கூடக் கட்டுப்படாமல் வேறொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். முடிவை இங்கே சொல்லமாட்டோம். பார்க்காத இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இளைஞர்கள் என்றதும் ஒன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் படத்தையும் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்தே பார்க்கிறார்கள். ‘அந்த நாள்’ படத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை விதித்தோம்: எழுத்தை நிறுத்திவிட வேண்டும். முதல் கால் மணி நேரம் முணுமுணுப்பு. பிறகு கொலையாளி யார் என்ற ஆவலில் அதை மறந்தார்கள். விளங்காத சொல்லை நிறுத்திக் கேட்டார்கள். பன்னிரண்டு சொற்கள் என்று ஒருவன் எண்ணியும் வைத்திருந்தான். துப்பறியும் கதைக்கு இப்படியொரு பயன் உண்டென்று பாலசந்தர் எண்ணியிருக்கமாட்டார்.

இறுதியாக ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025). இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியின்றி, கடல் கடந்து இராமேசுவரத்தில் இறங்கிச் சென்னையில் மறைந்து வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதற்படம். அண்டை வீட்டார் அனைவரும் இவ்வளவு விரைவில் நல்லவர்களாகிவிடுவது நம் அனுபவத்துக்குச் சற்று மிஞ்சியதாயினும், மனத்துக்கு இதமாகவே இருந்தது. அக்குடும்பத்துக்கு உள்ள பெரிய அச்சம் வாயைத் திறப்பது. தமிழர் நடுவே தமிழ் பேசினால் தாம் யாரென்று பேச்சே காட்டிக்கொடுத்துவிடுமே என்று அஞ்சுகிறார்கள். தமிழே கேளாத தெருவில் தமிழ் கேட்டால் திரும்பிப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த அச்சம் புதிது.

படத்தின் நடுவே நம் பக்கத்து வீட்டுச் சிறுமி, “பாட்டி, இவங்க பேசுறதும் தமிழா? அப்ப நாம பேசுறது என்ன தமிழ்?” என்று வினவினாள்.

“ஏட்டி, நான் பேசுறது திருநெல்வேலித் தமிழ், நீ பேசுறது சயான் தமிழ். பேசாம படத்தைப் பாரு” என்றார் பாட்டி.

சிறுமிக்கு அப்பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் தன் தோழியரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.