மயக்க டாக்டரை முன்கூட்டியே பார்க்காத கர்ப்பிணிகள்!

தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் வந்த கணக்கு இது. ஆபரேஷன் செய்யும் டாக்டர் யார் என்று குடும்பமே துருவித் துருவி விசாரிக்கிறது. மயக்க ஊசி போடுபவர் யார் என்று கேட்பதில்லை. பல ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணி அவரைப் பார்ப்பதே மேஜையில் படுத்த பிறகுதான்!

பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இருதய வால்வு கோளாறு, வளைந்த முதுகெலும்பு, மிதமிஞ்சிய எடை, முன்பு மயக்க மருந்தில் சிக்கல் என்று இருப்பவர்களை வலி எடுக்கும்வரை விட்டுவைக்கலாமா?

ரத்தம் உறையாமல் இருக்க 'ஹெப்பாரின்' வகை ஊசி போடுபவர்கள் பாடு இன்னும் சங்கடம். பொதுவாகக் கடைசி ஊசி போட்டு, அளவுக்கு ஏற்ப 12 முதல் 24 மணி நேரம் போன பிறகே முதுகில் ஊசி குத்துவார்கள். அவசரப்பட்டால் தண்டுவடம் பக்கத்தில் ரத்தம் கட்டி, கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. சரி, முழு மயக்கம் கொடுக்கலாமே? கர்ப்பிணிக்கு மூச்சுக்குழாயில் குழாய் விடுவது மற்றவர்களைவிடச் சிரமம்.

நடுராத்திரி வலியில் துடிப்பவரிடம், "கடைசி ஊசி எப்பம்மா போட்டீங்க?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பிரசவ டாக்டர் சில வாரம் முன்பே ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தால், எந்த ஊசி, எப்போது நிறுத்துவது எல்லாம் பைலிலேயே இருந்திருக்கும்.