டெட்ராய்ட்டைக் கவிழ்த்தது தொழிலாளியா?

அமெரிக்க கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சில தீர்ப்புகள் தவறாமல் வந்து விழும். சங்கம் வைத்துக்கொண்டு சோம்பேறியான ஆட்கள் கார் நகரமான டெட்ராய்ட்டைக் கவிழ்த்தார்கள்; ஜப்பான் மலிவு காரைக் கொண்டுவந்து கொட்டி மிச்சத்தை முடித்தது; ஆகவே இன்று கார் வாங்குபவர் ஃபோர்டு, செவ்ரலே பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. சரிவு உண்மைதான். 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் விற்ற கார்களில் ஏறக்குறையப் பாதி ஜெனரல் மோட்டார்ஸுடையவை. 2009 ஜூன் 1 அன்று அதே நிறுவனம் திவால் மனு போட்டது. ஓல்ட்ஸ்மொபீல், பிளிமத், பான்டியாக், மெர்க்குரி என்ற பெயர்களெல்லாம் சந்தையிலிருந்தே போய்விட்டன. ஆனால் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் நிற்காது.

முதலில் தொழிலாளி. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமானவற்றில் ஒன்று என்று பெயர் எடுத்தது. ஆட்கள் சொல்லாமல் லீவு போடுவார்கள், வேலை நேரத்திலேயே குடிப்பார்கள், திடீர் திடீரென்று வேலைநிறுத்தம் நடக்கும். 1982-இல் ஆலையை இழுத்துப் பூட்டினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தை நூமி என்ற பெயரில் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள். சங்கமும் அதே யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ். மாறியது நடத்திய விதம். நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். லைன் நெடுகிலும் ஒரு கயிறு ஓடியது. போல்ட் சரியாக உட்காரவில்லையென்றால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். டீம் லீடர் ஓடிவந்து பார்ப்பார். சிக்கல் தீராவிட்டால் லைனே நிற்கும். பழைய நிர்வாகத்தில் லைனை நிறுத்துவது வேலைக்கே உலை வைக்கும் குற்றம். குறையுள்ள கார் அப்படியே நகர்ந்து போகும், வெளியே நிறுத்தி ஒட்டுப்போடுவார்கள். புதிய ஏற்பாட்டில், அதிக காலம் ஆகாமலேயே, அங்கே தயாரான காரின் தரம் ஜப்பானில் தயாரானதை நெருங்கிவிட்டது.

ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே கோபால்ட் விவகாரத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அதன் இக்னிஷன் சுவிட்ச் தளர்வானது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலே, ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் அணைந்துவிடக்கூடும்; பிறகு மோதினால் ஏர்பேக் விரியாது. நிறுவனத்துக்குள் பல ஆண்டுகள் தெரிந்திருந்த குறை இது. கார்களைத் திரும்ப அழைத்ததோ 2014-இல். 124 சாவுகளுக்கு நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பணம் கொடுத்தது. அந்தச் சுவிட்சை வடிவமைத்ததும் ஏற்றதும் மறைத்ததும் அலுவலக மாடிகளில் நடந்தவை. லைனில் நின்றவர்கள் மீது அந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

அடுத்தது ஜப்பான். டெட்ராய்ட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964-இல் இறக்குமதி பிக்கப் வண்டிகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை முடிந்த பிறகும் வரி நீடித்தது. 1981-இல் வாஷிங்டன் நெருக்கியதால், ஜப்பான் தன் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களோடு நிறுத்திக்கொண்டது. ஜப்பான் நிறுவனங்கள் அமெரிக்க மண்ணிலேயே கார் செய்யவும் இறங்கின: ஹோண்டா 1982-இல் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு தயாரிக்கத் தொடங்கியது. டொயோட்டா 1988-இல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் கேம்ரியைத் தயாரித்தது. டெட்ராய்ட், வரிச்சுவருக்குப் பின்னால் பெரிய லாபம் தந்த பிக்கப்பிலும் எஸ்யூவியிலும் சாய்ந்தது. சிறிய காரை ஒப்புக்குச் செய்தது. மஸ்டாங்கைத் தவிர ஏறக்குறைய எல்லாக் கார்களையும் வட அமெரிக்காவில் கைவிடுவதாக 2018-இல் ஃபோர்டு அறிவித்தது. செடானை யாரும் வாங்குவதில்லை என்றார்கள். கேம்ரியோ அதற்குப் பிறகும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் விற்றது.

அப்படியானால் எதை வாங்குவது? பெயர்ப்பலகையின் நாட்டை வைத்து முடிவெடுப்பது வீண். வண்டி அடையாள எண்ணின் (விஐஎன்) முதல் எழுத்தைப் பார்த்தாலே இது புரியும்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 3 என்றால் மெக்சிகோ, கே என்றால் தென்கொரியா, எல் என்றால் சீனா. ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூயிக் என்விஷன் சீனாவில் தயாராகி அமெரிக்காவில் விற்றது. 2018 முதல் அங்கே விற்ற ஃபோர்டு எக்கோஸ்போர்ட் சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரானது. அதற்கு முன்பே, நூமியின் லைனில் டொயோட்டா கொரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிசமும் அடுத்தடுத்து உருண்டன. உள்ளே ஏறக்குறைய ஒரே வண்டி; பழைய கார் சந்தையில் பிரிசம் குறைந்த விலைக்குப் போனது. பேரை மட்டும் பார்த்தவர்கள் கூடுதல் காசு கொடுத்தார்கள்.

பார்க்க வேண்டியது எஞ்சினும் கியர்பாக்ஸும் தயாரித்த ஆண்டும். 2012 முதல் 2016 வரையிலான ஃபோர்டு ஃபோகஸின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உதறலுக்குப் பேர்போனது. அதே காரின் மேனுவல் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2011 வரை வந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸிலும் டாக்ஸியிலும் நாள் முழுக்க உழைத்தது. மறுபக்கம், ஹூண்டாய், கியாவின் சில எஞ்சின்களுக்கு 2015-இலிருந்து திரும்ப அழைப்பு வந்துகொண்டே இருந்தது. 2024-இல் டொயோட்டாவே எஞ்சின் கோளாறுக்காக ஏறக்குறைய 1 லட்சம் வண்டிகளை அழைத்தது. அமெரிக்காவில் பழைய கார் பார்ப்பவர்கள் அந்த 17 இலக்க அடையாள எண்ணை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் தட்டினால், சரிசெய்யாத ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.