கேமரா யாருடையது?

'தி பொகிப்சி டேப்ஸ்' (2007) படத்தைப் பரிந்துரைப்பவர்கள் எல்லாரும் அதன் பயங்கரத்தைத்தான் பேசுகிறார்கள். கேமரா கொலைகாரனுடையது என்பதை யாரும் பேசுவதில்லை. பொகிப்சி நகரத்து வீடொன்றில் 800க்கும் மேற்பட்ட வீடியோ நாடாக்கள் கிடைக்கின்றன. அவனே எடுத்த சித்திரவதைகள். இயக்குநர் ஜான் எரிக் டௌடில் அவற்றின் நடுவே போலீஸ்காரர்களையும் நிபுணர்களையும் பேச வைக்கிறார். அவர்கள் பேச்சில் அருவருப்பைவிட வியப்பே மிகுதி: எவ்வளவு புத்திசாலி, எப்படித் தடயமே விடவில்லை!

கடத்தப்பட்ட ஷெரில் பல ஆண்டுகளுக்குப் பின் மீட்கப்படுகிறாள். ஒரேயொரு பேட்டி. அதிலும் அவன்மீதான அன்பைத்தான் சொல்கிறாள். பிறகு தற்கொலை செய்துகொள்கிறாள். புதைத்த உடலையும் அவன் தோண்டி எடுத்துப் போகிறான். அவளுடைய சாவுகூட அவளுக்குச் சொந்தமில்லை. வன்முறையின் கொடுமையைக் காட்டத்தானே இதெல்லாம் என்பார்கள். கொடுமையைக் காட்டுவதும், கொடுமை செய்பவனுக்குக் கிரீடம் வைப்பதும் ஒன்றா?

அதே பொகிப்சியில் நிஜமாகவே ஒருவன் இருந்தான். 1996 முதல் 1998 வரை கெண்டல் ஃபிரான்ஸ்வா எட்டுப் பெண்களைக் கொன்றான். பெரும்பாலோர் தெருவில் பாலியல் தொழில் செய்தவர்கள். உடல்களைத் தன் குடும்பம் வாழ்ந்த வீட்டிலேயே ஒளித்து வைத்தான். அவன் மேதை அல்ல. தெருவில் நின்ற பெண்களுக்கு அவனுடைய முரட்டுத்தனம் தெரியும். போலீசாரும் அவனை விசாரித்திருந்தார்கள். 1998இல் ஒரு பெண்ணைத் தாக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில நாள் சிறையிலிருந்து வெளியே வந்து, மறுபடி கொன்றான்.

அவனைக் காப்பாற்றியது மூளையா? காணாமல் போனவர்கள் 'அந்த மாதிரிப் பெண்கள்' என்ற அலட்சியம்தான். அந்த அலட்சியத்துக்குத் திரை எழுதித் தரும் மன்னிப்புச் சீட்டுதான் 'மேதைக் கொலைகாரன்' என்ற கட்டுக்கதை. யாராலும் பிடிக்க முடியாதவன் என்றால், பிடிக்காதவர்களை எப்படிக் கேள்வி கேட்பது?

அவன் பிடிபட்டது எப்படி? 1998 செப்டம்பரில் அவனிடமிருந்து தப்பிவந்த ஒரு பெண் வாய் திறந்தாள். அவள் சொன்னதைப் போலீசார் கேட்டார்கள். கொலைகள் நின்றன. திரையில் தப்பிவந்தவளுக்கு வாய் கொடுத்தது கொலைகாரனைக் காதலிக்க. நிஜத்தில் தப்பிவந்தவள் அந்த வாயால்தான் அவனை முடித்தாள்.

அவள் கதையை எடுக்க 800 நாடாக்கள் வேண்டாம். அவளை நம்பினால் போதும்.