குறைந்ததும் குறைத்ததும்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரைப் பற்றி முதலாண்டில் சுற்றத்தார் சொல்லும் வாக்கியம்: “முப்பது கிலோ குறைத்துவிட்டார்.” மூன்றாம் ஆண்டில் அதே சுற்றத்தார் சொல்வது: “மறுபடியும் ஏற்றிக்கொண்டார்.” இரண்டிலும் எழுவாய் அந்த மனிதரே. இரண்டாவதில் ‘கொள்’ என்னும் துணைவினையும் வந்து ஒட்டுகிறது. பெயரைக் கெடுத்துக்கொண்டான், வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டான் என்பவற்றில் போல, வந்தது தானே தேடிக்கொண்ட வினை என்னும் குற்றச்சாட்டை அது சந்தடியின்றிக் கொண்டுவந்து சேர்க்கிறது.

தமிழில் இதற்கு வேறு வடிவம் இல்லாமல் இல்லை. குறைந்தது – குறைத்தார், ஏறியது – ஏற்றினார், கூடியது – கூட்டினார் என இணை இணையாக வினைகளை வைத்திருக்கும் மொழி இது. இவ்விணைகளை விரிவாக ஆராய்ந்த கு. பரமசிவம், செயலின் விளைவு எழுவாயின் மீதே விழுகிறதா, பிறிதொன்றின் மீது விழுகிறதா என்பதை வைத்து இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்தார். இந்தியிலும் ‘கட்னா’, ‘கடானா’ என்று இதே இணை உண்டு. எடையைப் பற்றிய பேச்சில் மட்டும் நாடு முழுவதும் இயக்குவினையையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. மருத்துவரின் குறிப்பேட்டில் “எடை குறைந்துள்ளது” என்றிருப்பது, வீட்டுக்கூடத்துக்கு வரும்போது “எடையைக் குறைத்துவிட்டார்” என்றாகிவிடுகிறது.

இது வெறும் இலக்கண வேடிக்கை அன்று. முதலாண்டில் உண்மையில் நடப்பது என்ன என்பதைப் பார்த்தால் தெரியும். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காடு வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சும் குழாய் 100 முதல் 150 மில்லிலிட்டர் வரை கொள்ளும். நீக்கப்படும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெருமளவு சுரக்கிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பை சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. இரண்டிலும் உணவுக்குப் பிறகு நிறைவுணர்வு தரும் ஜி.எல்.பி.-1 மிகுதியாகச் சுரக்கிறது. பசி அடங்குகிறது, இனிப்பின் மீதிருந்த வேட்கை பலருக்குத் தணிகிறது. இவ்வாண்டில் ஒருவர் அரைக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவதைக் கண்டு, “என்ன மன உறுதி!” என்று வியப்பவர்கள் குடலின் வேலைக்கு மனத்தைப் பாராட்டுகிறார்கள். 2025இல் இந்தியச் சந்தைக்கு எடைக்குறைப்புக்காக வந்த டிர்செபடைட், செமாகுளுடைடு ஊசிகள் இதை இன்னும் வெளிச்சமாக்கிவிட்டன. வாரம் ஒரு ஊசியால் ஏறி இறங்கக்கூடிய ஒன்றை ஒழுக்கத்தின் அளவுகோலாக எப்படிக் கொள்வது?

பாராட்டினால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு மூன்றாம் ஆண்டில் வருகிறது. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடை தன் தாழ்ந்த புள்ளியைத் தொடுகிறது. பிறகு பசி ஓரளவு திரும்புகிறது. சில கிலோ ஏறுவது பெரும்பாலோர்க்கு இயல்பு. 1987இல் தொடங்கிய சுவீடன் நாட்டின் நெடுங்கால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டோரின் சராசரி எடைக்குறைவு முதலிரண்டு ஆண்டுகளில் 32 விழுக்காட்டை எட்டி, பத்தாம் ஆண்டில் 25 விழுக்காட்டில் நிலைபெற்றது. அதே ஆய்வில்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரிடையே இறப்பும் குறைந்திருந்தது. அதாவது, 32இலிருந்து 25க்கு வந்தவர் தோற்றவர் அல்லர்; சிகிச்சை பலித்தவர். ஆனால் முதலாண்டின் இறக்கம் முழுவதும் தன் உறுதியால் விளைந்தது என்று நம்பவைக்கப்பட்டவர், இவ்வேற்றம் முழுவதையும் தன் உறுதிக்குறைவின் கணக்கில்தானே எழுதுவார்?

அந்த நாணமே அவரை மருத்துவமனைக்குச் செல்லவொட்டாமல் தடுக்கிறது. எடை பார்க்கும் கருவியின் மீது ஏறி நின்று ஏச்சு வாங்குவானேன் என்று, ஆண்டுப் பரிசோதனை ஒன்று தவறுகிறது, அடுத்ததும் தவறுகிறது. உயிர்ச்சத்து பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உறிஞ்சப்படும் அளவு குறைந்தாலும், பற்றாக்குறை உடனே தெரியாது. சேமிப்பு தீரும் காலமும் பரிசோதனையைக் கைவிடும் காலமும் பெரும்பாலும் ஒன்றாக வந்து சேர்கின்றன. சைவ உணவினருக்கு இச்சேமிப்பு தொடக்கத்திலேயே குறைவாக இருப்பது வழக்கம். விரல் நுனி மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் மறதியும் பி12 குறைவின் அறிகுறிகள் என்று அறியாமல், “வயதாகிறது” என்று தள்ளிப்போடுவோர் உண்டு. நரம்புக்கு நேர்ந்த கேடு முழுவதும் மீளும் என்ற உறுதியும் இல்லை. தொடர் வாந்தி உள்ளவருக்குத் தயமின் எனப்படும் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். அது இன்னும் விரைவான ஆபத்து. ஒரு துணைவினையின் நஞ்சு நரம்புவரை செல்லுமா என்று கேட்போருக்கு, செல்லும் வழி இதுதான்.

ஊக்கம் என்ற சொல்லை மருத்துவமனைத் துண்டறிக்கைகளும் ‘ரீல்ஸ்’ காணொளிகளும் அகத்தே ஊறும் ஊற்றாகவே சித்திரிக்கின்றன. நாள்தோறும் காலையில் அதைச் சுரக்கவைக்க வேண்டியது நோயாளியின் கடமை. உண்மையில் இச்சிகிச்சைக்குப் பின் ஒருவரைத் தாங்கிப்பிடிப்பது ஏற்பாடு. வீட்டில் என்ன சமைக்கப்படுகிறது, யார் பரிமாறுகிறார், உண்ண எத்தனை நிமிடம் கிடைக்கிறது, மாத்திரை எங்கே இருக்கிறது என்பவற்றின் கூட்டு அது. ஊக்கம் தளரும் நாளிலும் ஏற்பாடு தளராமல் இருக்க முடியும்.

தட்டிலிருந்தே தொடங்கலாம். அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. தசை கரையாமல் இருக்கவும் காயம் ஆறவும் அது தேவை. இந்தியத் தட்டோ தானியத்தின் ஆட்சியில் உள்ளது. இந்தியரின் அன்றாட ஆற்றலில் 50 முதல் 70 விழுக்காடு தானியத்திலிருந்து வருகிறது என்றும் அதை 45க்குள் நிறுத்த வேண்டும் என்றும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இரண்டு இட்லியில் நான்கு கிராம் அளவுக்கே புரதம். ஆனால் சுருங்கிய இரைப்பை அதோடு நிறைந்துவிடும். ஆகவே புரதத்தை முதலில் உண்பது, பிறகு காய், இடமிருந்தால் சோறோ சப்பாத்தியோ என்று வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. முட்டை உண்பவருக்கு ஒன்றுக்கு ஆறு கிராம் என்று கணக்கு எளிது. சைவர் என்றால் நூறு கிராம் பனீரில் 18, அரை லிட்டர் பாலில் 16, முப்பது கிராம் சோயாத் துண்டுகளில் 15, ஒரு கிண்ணம் சுண்டலில் எட்டு, இருநூறு கிராம் தயிரில் ஆறு என்று கூட்டினால் 63 வரும். எழுதுவது எளிது. இவ்வளவையும் ஒருவேளைக்கு அரைக் கிண்ணம் கொள்ளும் வயிற்றில் இறக்க ஐந்தாறு வேளை வேண்டும். ஒவ்வொரு வேளையும் நன்கு மென்று இருபது முப்பது நிமிடம் உண்ண வேண்டும். திரவ உணவிலிருந்து கூழாக்கிய உணவு, மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறிவரும் முதல் வாரங்களில் புரதப்பொடி இல்லாமல் பலருக்குக் கணக்கு நேராகாது.

நீரும் உணவும் சேரக்கூடாது என்பது அடுத்த விதி: உண்பதற்கு அரைமணி முன்பும் பின்பும் குடிக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். சோற்றைச் சாம்பாரில் குழைத்து, ரசத்தில் கரைத்து, மோரில் முடிக்கும் தென்னாட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு இதைவிட நேர் எதிரான விதி வேறில்லை. நெகிழ்ந்த மாவுணவு சிறு இரைப்பையில் தங்காமல் வழுக்கி இறங்கிவிடுகிறது; நிறைவு தருவதில்லை; மறுபடி உண்ணச் சொல்கிறது. எடை திரும்ப ஏறும் வழிகளில் முக்கியமானது இது. கொடுமை என்னவென்றால், இந்திய வீடுகள் நோயாளிக்கு என்று அன்போடு ஆக்கித்தருவன எல்லாம் இந்த வழுக்கும் உணவுகளே. கஞ்சி, குழைந்த ரசம் சாதம், கிச்சடி, ரவை உப்புமா, தேநீரில் நனைத்த ரஸ்க். நவராத்திரி விரதத்திற்கு வடநாட்டில் ஆகும் ஜவ்வரிசிக் கிச்சடியும் இதில் சேரும். “பாவம், எதுவும் இறங்கவில்லை, இதையாவது சாப்பிடு” என்று தாய் நீட்டும் கிண்ணத்தை மறுப்பதற்கு எந்தத் துண்டறிக்கையும் சொல் கற்றுத்தருவதில்லை.

சொல் என்றதும் ‘பத்தியம்’ நினைவுக்கு வருவது இயல்பு. வடமொழியில் ‘பத்ய’ என்பது ‘பாதை’ என்னும் சொல்லோடு உறவுடையது. உடலுக்கு ஏற்றது, உண்ணத்தக்கது என்று பொருள்படுவது. தமிழ் வழக்கில் அது பெரும்பாலும் விலக்கின் பக்கம் சாய்ந்துவிட்டது: உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. இந்தியில் வழங்கும் ‘பர்ஹேஸ்’ பாரசீகத்திலிருந்து வந்தது. அதன் பொருளே தவிர்ப்பு. மேலும், பத்தியத்திற்கு முடிவுநாள் உண்டு. மருந்து முடிந்தால் பத்தியம் முறியும், முறித்ததும் விருந்து. வாழ்நாள் முழுவதற்குமான உணவுமுறையை முடிவுநாள் உள்ள சொல்லால் குறிப்பிட்டுவிட்டு, ஒன்றரை ஆண்டில் அவர் “முறித்துவிட்டார்” என்று வியப்பது நியாயமில்லை. பழம்பொருளில், உண்ணத்தக்கதைத் தேடி உண்ணுதல் என்று அதை மீட்டெடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வெறுமனே ‘சாப்பாடு’ என்றே சொல்லலாம்.

அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா என்று ஒரு மறுப்பு எழும். உண்டு. கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளிவிட்டு விழுங்குவது, நடப்பது, மதுவை விலக்குவது (பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறும், இரண்டாம் ஆண்டிலிருந்து குடிப்பழக்கச் சிக்கல் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன) எல்லாம் அவர் செய்ய வேண்டியவை. கருவுறுதலைக் குறைந்தது ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போட வேண்டும் என்பதும் அறிவுரை. எடை குறைந்த மறுமாதமே மாப்பிள்ளை தேடத் தொடங்கும் குடும்பங்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை. இவை செய்யக்கூடிய செயல்கள். இவற்றுக்கு இயக்குவினை பொருந்தும். “மாத்திரையை விட்டுவிட்டீர்களா?” என்று கேட்பதில் பழி இல்லை, பதிலும் கிடைக்கும். “ஏன் ஏற்றிக்கொண்டீர்கள்?” என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இச்சிகிச்சை இனி நடுவயதுச் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விலக்குகளை வரையறுத்தபோது, உடல் நிறை குறியீட்டெண் 40க்கு மேல் இருப்போருக்கும், 35க்கு மேல் கடும் துணைநோயோடு இருப்போருக்கும் இதைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்க முடியாதபடி வழி திறந்தது. 2022இன் பன்னாட்டு வழிகாட்டுதல் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆகவே ஆய்வாளர்களிலும் முதுநிலை மாணவர்களிலும் சிலர் தழும்பை மறைத்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். ‘குறுக்குவழி’ என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, ‘தைராய்டு’ என்றோ ‘நடைப்பயிற்சி’ என்றோ சொல்லிவைத்திருப்பார்கள். அவர்களுக்கு விடுதி மெஸ் தருவது வேளைக்கு ஒருமுறை, நீர்த்த பருப்பு, அளவில்லாச் சோறு. அறைக்குள் மின் அடுப்பு கூடாது, வெளியே பாத்திரத்தில் எடுத்துச் செல்லக் கூடாது என்று விதி. கருத்தரங்கில் காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை கிடைப்பது தேநீரும் பிஸ்கட்டும். வாய்மொழித் தேர்வன்று பரிமாறப்படும் இனிப்பை மறுத்தால் வழிகாட்டிக்கு வருத்தம்; பைபாஸ் செய்தவர் அதை உண்டால் அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. அறுவையை மட்டும் கட்டணமாகக் கணக்கிட்டவர்களுக்கு, வாழ்நாள் மாத்திரைச் செலவு உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில்தான் புலப்படும்.

மெஸ் குழுக்களில் மாணவர் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். விடுதிக் காப்பாளர்களில் பலர் பேராசிரியர்களே. காரணம் கேட்காமல் பாதித் தட்டு உணவை மூடிய டப்பாவில் எடுத்துச் செல்லவிடுவதற்குத் துணைவேந்தரின் ஒப்பம் தேவைப்படாது. பல விடுதிகளில் ‘நோயாளி உணவு’ என்று ஏற்கெனவே ஒரு விண்ணப்பத்தாள் உண்டு. அதில் கஞ்சி, கிச்சடி என்ற இரண்டு கட்டங்கள் இருக்கும். மூன்றாவதாக அவித்த முட்டை அல்லது பனீர் என்று ஒரு கட்டம் சேர்த்தால், அடுத்த பருவத்தில் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லாமல் அதில் குறியிடுவார்.