கடலை மிட்டாயும் கடைவாய்ப் பல்லும்



கோவில்பட்டி என்றதும் வெளியூரார் நாவில் ஊறுவது கடலை மிட்டாய். நிலக்கடலையும் வெல்லப்பாகும் இணைந்த இப்பண்டம் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. கடலையில் புரதம் உண்டு. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அதன் பாகு நம் குழந்தைகளின் கடைவாய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டு என்ன செய்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்கிறோம். உண்மையில் அங்கே பூச்சி ஏதுமில்லை. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உமிழ்நீர் அதனைத் தணித்துப் பல்லுக்கு இழந்த சத்தை மீட்டுத் தர ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் மற்றொரு மிட்டாயோ இனித்த தேநீரோ உள்ளே சென்றால் மீட்சிக்கு நேரமேது? ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைப் போலவே, எத்தனை முறை தின்றோம் என்பதும் கருதத்தக்கது.

"வெள்ளைச் சீனிதான் பல்லைக் கெடுக்கும், வெல்லமும் கருப்பட்டியும் கெடுக்கா" என்று நம்மிடையே பலர் எண்ணுகின்றனர். மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் ஒரே சர்க்கரைதான். நுண்ணுயிர்கள் நிறம் பார்த்து உண்பதில்லை!

அப்படியாயின், நுண்ணுயிர்களால் அமிலமாக்க இயலாத இனிப்பு உண்டா? உண்டு. அவற்றைச் 'சர்க்கரை ஆல்கஹால்' என்பர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. மதுவின் போதை இவற்றில் இல்லை. இது வேதியியலார் வைத்த வகைப்பெயரே. நம் வீட்டுப் பற்பசைக் குழாயின் பின்புறத்தைப் படித்தால் பெரும்பாலும் 'சார்பிட்டால்' என்ற பெயர் தென்படும். நுண்ணுயிர்கள் அதனை மிக மெதுவாகவே அமிலமாக்கும். 'சைலிட்டால்' என்பதையோ அவை அமிலமாக்கவே இயலாது. 1891இல் ஜெர்மானிய அறிஞர் எமில் ஃபிஷர் கண்டறிந்த இப்பொருள், சீனிக்கு நிகராக இனிக்கும். பிர்ச் மரத்திலிருந்தும், மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையிலிருந்தும் இதனைத் தயாரிக்கின்றனர். நம் மானாவாரிக் காடுகளில் விளைகின்ற அதே மக்காச்சோளந்தான்.

பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் 125 பேரை மூன்று குழுக்களாக்கி, இரண்டாண்டுகள் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 1975இல் வெளியாயிற்று. சீனி உண்டோர்க்குச் சொத்தை பெருகிற்று. பழச்சர்க்கரை உண்டோர்க்கு அதனினும் குறைவு. சைலிட்டால் உண்டோரிடம் புதுச் சொத்தை ஏறத்தாழ இல்லையென்றே கூறலாம்.

எனினும் இதனை மட்டும் நம்பி நாம் மயங்கிவிடலாகாது. 2015இல் பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் அறிக்கை, ஃபுளோரைடு பற்பசையில் சைலிட்டாலும் சேர்ந்தால் குழந்தைகளின் சொத்தை 13 விழுக்காடு கூடுதலாகக் குறையலாம் என்றது. அதற்கும் சான்று வலுவற்றது என்றே எழுதியது. சைலிட்டால் கலந்த மிட்டாய், மெல்லும் கோந்து ஆகியவற்றைப் பற்றி முடிவு கூறப் போதிய சான்றில்லை என்றும் கூறிற்று. மேலும், இவ்வினிப்புகளை மிகுதியாக உண்டால் வயிறு உப்பும்; பேதியாகும். வீட்டில் நாய் வளர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

ஆகவே 'சர்க்கரை இல்லாதது' என்று அச்சிட்ட பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்குவதைவிட, நம் கையிலிருக்கும் வழிகளைக் கடைப்பிடிப்பதே மேல். கடலை மிட்டாயை உணவை ஒட்டி ஒரே வேளையாகக் கொடுங்கள். நாளெல்லாம் கொறிக்க விடாதீர்கள். தின்றதும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். சீனி கலந்த பால்புட்டியோடு குழந்தையை உறங்க வைக்காதீர்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பல்லுக்குக் காவலில்லை. ஃபுளோரைடு பற்பசையால் காலையும், படுக்குமுன்னும் துலக்கச் செய்யுங்கள். மூன்று வயதுக்குள் அரிசியளவு பசையும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும்.

"பால்பல்தானே, விழுந்துவிடும்" என்று இருந்துவிடுவோர் ஒன்றை நினைவிற்கொள்க. ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதனையும் பால்பல் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். அது நிலைப்பல், போனால் மீண்டும் முளைக்காது. இன்றிரவு குழந்தையை வாய் திறக்கச் சொல்லி, விளக்கொளியில் அந்தப் பல்லைப் பாருங்கள். அதில் கரும்புள்ளி தென்பட்டால், வலி வருமுன்னே அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்பது வயது வரை நிலக்கடலை மெல்ல வேண்டிய பல்லை எட்டு வயதில் இழக்கவிடலாமா?