ஒரே தாமான், ஒரே கூரை, இரண்டு ரசீது: சோலார் பேட்டரி யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஒரே தாமானில் அடுத்தடுத்த இரண்டு தரை வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டின் கூரையிலும் 5 கிலோவாட் சோலார் தகடுகள். முதல் வீட்டுக்காரர் 2024-இல் பொருத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய ரசீதைப் பார்த்து ஆசைப்பட்டு 2026-இல் பொருத்துகிறார். வெயில் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் மாதக் கடைசியில் வரும் கட்டணம் ஒன்றாக இருக்காது.

காரணம் தகட்டில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. முதல் வீடு சேர்ந்த 'நெம்' எனப்படும் நிகர மின் அளவீட்டுத் திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியுடன் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவை மூடிவிட்டது. அதன் இடத்தில் 2026 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்திருப்பது 'சோலார் அத்தாப்'. மலாயில் அத்தாப் என்றால் கூரை. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கணக்குதான் மாறிவிட்டது.

நெம் திட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்பதுதான் விதி. பகலில் ஒரு யூனிட்டை தெனாகா நேஷனலுக்கு அனுப்பினால் இரவில் ஒரு யூனிட்டை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தால் அடுத்த மாதத்துக்கும் போகும். சுருங்கச் சொன்னால், தெனாகாவே செலவில்லாத பேட்டரியாக இருந்தது. அத்தாப் திட்டத்தில் அந்த வசதி இல்லை. அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணத்தின் அளவுக்கு மட்டுமே வரவு கிடைக்கும். அந்த மாதத்தில் பயன்படுத்தி முடியாத வரவு அடுத்த மாதத்துக்குப் போகாது.

2025 ஜூலையில் மாற்றியமைக்கப்பட்ட மின் கட்டணத்தை இதனுடன் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். மாதம் 1,500 யூனிட்டுக்கு மேல் போகாத வீட்டுக்கு ஒரு யூனிட்டின் எரிசக்திக் கட்டணம் 27.03 சென். அதன் மேல் கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். மொத்தம் 44.43 சென். ஆக, கூரையில் விளைந்த யூனிட்டை வீட்டிலேயே உடனே பயன்படுத்தினால் 44.43 சென் மிச்சம். வெளியே அனுப்பினால் 27.03 சென் வரவு. இடையில் நழுவுவது 17.40 சென்.

பகலில் வீட்டில் யார்?

நம் நாட்டு வெயிலில் 5 கிலோவாட் தகடுகள் மாதம் ஏறக்குறைய 550 யூனிட் கொடுக்கும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விடும் வீட்டில் பகல் நேரத்தில் ஓடுவது பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டி மட்டுமே. அதில் 150 யூனிட் போக 400 யூனிட் வெளியே செல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஊக்கத்தொகைக் கழிவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், மாத மிச்சம் ஏறக்குறைய 175 ரிங்கிட். பழைய நெம் திட்டத்தில் இதே 550 யூனிட்டின் மதிப்பு 244 ரிங்கிட். மாதத்துக்கு 70 ரிங்கிட் குறைவு. பக்கத்து வீட்டு ரசீதைக் காட்டி விற்க வருபவர் இந்த 70 ரிங்கிட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

அதே தகடுகள் பகலெல்லாம் ஆள் இருக்கும் வீட்டில் வேறு விதமாக வேலை செய்யும். வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் கேட்டரிங், தையல், பிள்ளை பராமரிப்பு, டியூஷன் என்று நம் பெண்கள் பலர் செய்யும் தொழில்கள் எல்லாம் பகல் நேரத் தொழில்கள். பகலில் 350 யூனிட்டை அங்கேயே பயன்படுத்திவிட்டால் மிச்சம் ஏறக்குறைய 210 ரிங்கிட்டுக்கு உயரும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. துணி துவைப்பது, சோறு வைப்பது போன்றவற்றை டைமர் போட்டு நண்பகலுக்கு மாற்றலாம். மாவரைப்பதை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளலாம். ஆனால் நம் வீடுகளில் பெரிய செலவு இரவு ஏர்கோன். அதைப் பகலுக்கு மாற்ற முடியாது.

பேட்டரி வந்து நிற்கும் இடம்

இந்த இடைவெளியில்தான் பேட்டரி விற்பனை சூடுபிடிக்கிறது. பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் ஏர்கோனுக்குக் கொடுக்கலாம் என்ற வாதத்தில் பொய் இல்லை. ஆனால் விலையையும் பார்க்க வேண்டும்.

தினமும் 10 யூனிட் சேமிக்கும் பேட்டரியில் உள்ளே போவது முழுதாகத் திரும்பி வராது. ஏறக்குறைய 9 யூனிட் கைக்கு வரும். அதன் மதிப்பு 4 ரிங்கிட். அந்த 10 யூனிட்டைத் தெனாகாவுக்கு அனுப்பியிருந்தாலே 2 ரிங்கிட் 70 சென் வரவு கிடைத்திருக்கும். ஆக பேட்டரி கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுப்பது நாளுக்கு 1 ரிங்கிட் 30 சென். ஒரு நாள்கூடத் தவறாமல் வெயில் அடித்தாலும் ஆண்டுக்கு 475 ரிங்கிட்டைத் தாண்டாது. பேட்டரியின் விலை 15,000 ரிங்கிட் என்று வைத்தால் முதல் திரும்ப 30 ஆண்டுக்கு மேல் ஆகும். பேட்டரிக்குப் பொதுவாகக் கிடைக்கும் உத்தரவாதமோ 10 ஆண்டு. ஊக்கத்தொகையின் படி மாறுவதால் சில வீடுகளுக்கு இந்த மிச்சம் சற்றுக் கூடலாம். அப்போதும் 10 ஆண்டுக்குள் முதல் திரும்பாது.

பேட்டரியின் விலை 5,000 ரிங்கிட்டை நெருங்கினால் பேச்சு வேறு. விலை இறங்கிக்கொண்டுதான் வருகிறது. காத்திருப்பதில் நட்டம் இல்லை. தகடுகளை இப்போது போட்டுவிட்டு, பேட்டரியைப் பின்னாளில் சேர்க்கக்கூடிய இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்கலாம்.

இரவில் மலிவாக மின்சாரம் வாங்கி பேட்டரியில் நிரப்பலாம் என்பது இன்னொரு விற்பனைப் பேச்சு. நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேலை நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். வித்தியாசம் 4 சென் சொச்சம். சேமிக்கும்போது ஏற்படும் இழப்பே அதைத் தின்றுவிடும்.

பேட்டரிக்கு உண்மையான மதிப்பு கிடைப்பது மின்தடையின்போது. இதில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கூரையில் தகடு இருந்தால் தடையிலும் விளக்கு எரியும் என்று நினைக்கிறார்கள். எரியாது. கம்பத்தில் பழுது பார்க்கும் தொழிலாளிக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். மாற்று இணைப்புடன் கூடிய பேட்டரி இருந்தால் மட்டுமே வீட்டுக்கு மின்சாரம் வரும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருக்கும் நோயாளி இருந்தால் அந்தச் செலவை ரிங்கிட் கணக்கில் அளக்க வேண்டியதில்லை. அப்போதும் 5 யூனிட் பேட்டரி போதுமா என்று கேட்க வேண்டும், பெரியதைத்தான் காட்டுவார்கள். பேட்டரியைப் படுக்கையறையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.

கையெழுத்துக்கு முன்

"பில் சைபர்" என்ற விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது. அது பெரும்பாலும் நெம் காலத்துக் கணக்கு. மேற்கோள் கொடுக்கும் நிறுவனத்திடம் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: மாதம் எத்தனை யூனிட் வீட்டிலேயே பயன்படும், எத்தனை வெளியே போகும்? இரண்டையும் பிரித்துக் காட்டாத மேற்கோளை ஒதுக்கி வைப்பதே நல்லது. நிறுவனம் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடாவில் பதிவு பெற்றதா என்பதை ஆணையத்தின் பட்டியலிலேயே பார்க்கலாம். முன்பணம் இல்லாத தவணைத் திட்டங்களில் ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு நீளும். இடையில் வீட்டை விற்றால் மீதித் தவணை யார் தலையில் விழும் என்பது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கும்.

பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இது முழுக்க அடுத்த வீட்டுக் கதை அல்ல. நெம் 3.0 ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு உரியது. 2021-இல் சேர்ந்தவர்களுக்கு 2031-இல் அது முடிகிறது. அதன் பிறகு விளைவதைச் சொந்தமாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். பேட்டரி கேள்வி அவர்களுக்கு அப்போது வரும்.

இந்தப் பேச்சு எல்லாம் சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு. தோட்டத்து லயத்தில் குடியிருப்பவரின் கூரை நிறுவனத்துக்குச் சொந்தம். அடுக்குமாடியில் கூரை எல்லோருக்கும் பொது. மாதம் 200 யூனிட்டில் காலம் ஓட்டும் குடும்பத்துக்கு 25 சென் ஊக்கத்தொகை போக ஒரு யூனிட் 19.43 சென்தான், மொத்த ரசீதே 39 ரிங்கிட்டைத் தொடாது. அந்த வீட்டுக்குத் தகடு விற்க வருபவர் அவர்களுடைய நலனுக்காக வரவில்லை.

ஒரு காலத்தில் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடும்; அது நின்றால் லயமே இருட்டு. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பலர் இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அங்கே தனித்தனி வீட்டுக்கு வழி இல்லாவிட்டாலும், மின்தூக்கிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் உரிய பொது மீட்டருக்கு மொட்டைமாடியில் தகடு போட முடியுமா என்று கூட்டு நிர்வாகக் குழு ஆராயலாம். பம்பு ஓடும் நேரத்தைப் பகலுக்கு மாற்றினால் விளைவதில் பெரும்பகுதி அங்கேயே செலவாகும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கக் வீட்டு உரிமையாளர் ஒருவர் எழுத்து மூலம் கேட்கலாம்.