கியர்பாக்ஸ் போச்சு சார்!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன்.

எங்க வீட்டுல 2010 மாடல் ஆட்டோமேடிக் கார் ஒண்ணு இருக்கு. நாலு கியர், டார்க் கன்வர்ட்டர் வகை. கம்பெனி பேரு வேண்டாம். அப்பாவுக்கு இடது முழங்கால்ல ஆபரேஷன் ஆனதும் கிளட்ச் மிதிக்க முடியாமப் போச்சு. அதுக்காக செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அவரா ஓட்டிட்டுப் போய் நாலு பேரைப் பார்த்துட்டு வருவார். அந்தச் சுதந்திரம்தான் இங்கே விஷயம்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. வானகரம் மீன் மார்க்கெட்ல வஞ்சிரம் வாங்கிட்டுக் கிளம்பினா, 'டி' போட்டதும் வண்டி மூணு செகண்ட் யோசிச்சது. அப்புறம் பின்னாடி எவனோ இடிச்ச மாதிரி ஒரு உதை. சர்வீஸ் ரோடு வந்ததும் மூணாவது கியரை விட்டு இறங்கவே மாட்டேன்னுடுச்சு. ஓரம் கட்டினேன்.

உடனே கூட்டம். "தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க"ன்னார் ஒருத்தர். "கயிறு போட்டு இழுத்துடலாம் சார்"னார் இன்னொருத்தர். நல்ல மனசுதான், ஆனா ரெண்டுமே தப்பு. இந்த வகைப் பெட்டிக்குள்ள எண்ணெய் பம்ப் இன்ஜின் ஓடினாத்தான் சுத்தும். இன்ஜினை அணைச்சுட்டு முன் சக்கரம் தரையில உருள இழுத்தா, உள்ளே எல்லாம் எண்ணெய் இல்லாமத் தேயும். லாரி மேல ஏத்தித்தான் கொண்டு போகணும்.

ஏத்திக்கொண்டு போன இடத்துல கிடைச்ச தீர்ப்பு: "கியர்பாக்ஸ் போச்சு சார். 1,10,000 ஆகும். பேசாம வித்துட்டு ஒரு சாதா கியர் வண்டி வாங்கிடுங்க."

"ஆயில் பார்த்தீங்களா?"

"அது லைஃப்டைம் ஆயில் சார். பார்க்க வேண்டியதில்ல."

யாரோட லைஃப்டைம் அய்யா? என்னோடதா, வண்டியோடதா, வாரண்டியோடதா? கியர்பாக்ஸ் செய்யற ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியே தன் ஆட்டோமேடிக் பெட்டிகளுக்கு 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துக்குள்ள எண்ணெய் மாத்தச் சொல்லுது. நம்ம ஊர் வெயில்ல, கோயம்பேடு வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்து போற நெரிசல்ல, டார்க் கன்வர்ட்டர் சறுக்கிச் சறுக்கியே எண்ணெயைக் காய்ச்சிடும். அது ஆயுசுக்கும் தாங்குமாம்!

அம்பத்தூர் பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கைப் பிடிச்சேன். டிப்ஸ்டிக்கை உருவினார், வெள்ளைத் துணியில துடைச்சார், மோந்து பார்த்தார். சிவப்பா இருக்க வேண்டியது கறுப்பு டிகாஷனா இருந்தது, தீஞ்ச வாசனை. ஸ்கேனர்ல ஒரு சோலனாய்டு கோளாறு காட்டுச்சு. மூணாவது கியர்லயே நின்னது வண்டி தன்னைக் காப்பாத்திக்கிட்ட வேலையாம். சோலனாய்டு, ஃபில்டர், கேஸ்கெட் மாத்தினார். ஒரு தடவை வடிச்சா பாதி எண்ணெய் கன்வர்ட்டருக்குள்ளயே தங்கிடும்னு, சில நாள் இடைவெளி விட்டு மூணு தடவை வடிச்சு ஊத்தினார். மொத்தம் 13,400.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். உள்ளே கிளட்ச் தட்டு தேய்ஞ்சிருந்தா எண்ணெய் மாத்திப் பிரயோஜனமில்ல, பெட்டியைப் பிரிக்கத்தான் வேணும். ஆனா அதைப் பார்த்துட்டுச் சொல்லணும். பார்க்காமலே சாவுச் சான்றிதழ் எழுதக் கூடாது. அதான் என் கோபம்.

இன்னொரு கோபம் நம்ம மேலயே. ஆட்டோமேடிக்னா "ஓட்டத் தெரியாதவன் வண்டி"ன்னு ஒரு இளக்காரம். அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் 1940 மாடல்லயே ஹைட்ராமேட்டிக் வந்தாச்சு. நம்ம வானகரத்துல இருந்து பூந்தமல்லி தாண்டினா இருங்காட்டுக்கோட்டை. 1998-லிருந்து கார் செய்யற இடம். 2014-ல செலேரியோவுக்கு அப்புறம் ஏ.எம்.டி. வண்டி தெருவுக்குத் தெரு ஓடுது. இன்னமும் "வித்துடுங்க"தான் வைத்தியமா? முழங்கால் போனவர் யார்கிட்ட போய் கிளட்ச் மிதிக்கக் கத்துக்குவார்?

பழைய ஆட்டோமேடிக் வெச்சிருக்கற நண்பர்களே, நாளைக்கே எண்ணெயைப் பாருங்க. எப்படிப் பார்க்கறதுங்கறது வண்டிக்கு வண்டி மாறும். சிலதுல இன்ஜின் ஓடணும், சிலதுல அணைச்சிருக்கணும், சிலதுல டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டியோட கையேட்டுல போட்டிருக்கும். அதுல சொன்ன எண்ணெயை மட்டும் ஊத்துங்க. "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சொன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

போன ஞாயிறு அப்பாவே ஓட்டிட்டுப் போய் வஞ்சிரம் வாங்கிட்டு வந்தார். பேரம் பேசத் தெரியல, ஏமாந்துட்டார். பரவாயில்ல, கியர் சரியா விழுந்தது :-)

டிஸ்கி: "1,10,000"னு சொன்ன இடம் எதுன்னு கேக்காதீங்க. அது மாதிரி உங்க ஏரியாவுலயும் ஒண்ணு இருக்கும்.